செவலையின் கடைசிக் கிலோமீட்டர்

போன மாசி மாதம் நடந்தது இது. பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழாவை ஒட்டிக் குதிரை வண்டிப் பந்தயம் அறிவித்திருந்தார்கள்.

நான் கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சொந்தமாகக் குதிரை கிடையாது, ஒரு தடவைகூட வண்டி ஓட்டியதும் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் எங்கே பந்தயம் நடந்தாலும், எந்தக் குதிரை முதலில் வரும் என்று முந்தின வாரமே என் டெலிகிராம் சேனலில் எழுதிவிடுவேன். தோள் உயரத்தை அளந்து குதிரைகளைப் பெரியது, சின்னது என்று பிரிப்பார்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஓடப்போகும் குதிரைகளின் பழைய வீடியோக்களைத் தேடிப் பிடித்து, கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் நேரம் குறித்து, அதை வைத்துக் கணிப்பு சொல்வேன்.

திட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. "குதிரைக்குக் கொள்ளு வெச்சுப் பழக்கமுண்டாடா உனக்கு?", "ஏசி ரூம்ல உக்காந்துட்டு எங்க பொழப்ப எடை போடறான் பாரு" என்றெல்லாம் எழுதுவார்கள். நான் சளைக்காமல் எண்களைக் காட்டிப் பதில் சொல்வேன். உள்ளதைச் சொன்னால், திட்டு கூடக் கூடப் படிக்கிற ஆட்களும் கூடினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தப் பந்தயத்துக்குக் கோபி ஊர்ப் பக்கமிருந்து ஒரு செவலைப் பெட்டைக்குதிரை வருவதாக இருந்தது. நல்ல ஓட்டக்காரி. பாதி தூரம் வரை முதலில் போகும், கடைசி ஒரு கிலோமீட்டரில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பின்தங்கிவிடும். மூன்று வீடியோக்களைப் பார்த்தேன். மூன்றிலும் வண்டி ஓட்டும் சாரதி, கடைசியில் பின்னால் சாய்ந்து கடிவாளக் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறார். சந்தேகமே இல்லை. "செவலையிடம் குறை இல்லை. சாரதி பயந்தவர். ஆளை மாற்றினால் முதல் பரிசு அதற்குத்தான்" என்று எழுதிவிட்டேன்.

புதன்கிழமை ஒரு போன் வந்தது. அந்தச் சாரதிதான். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் தயாரானேன்.

"ஏனுங்க, கணிப்பு எழுதறது நீங்கதானுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "திட்டறதுக்குக் கூப்பிடலீங்க தம்பி. நாளைக்குக் காலையில பழக்கத்துக்கு ஓட்டறனுங்க. ஒருக்கா நேர்ல பாத்துப்போட்டு எழுதுங்க. அவ்வளவுதானுங்க."

மறுநாள் விடிவதற்குள் பைக்கில் கிளம்பி, கோபியைத் தாண்டி வாய்க்கால் ரோட்டுக்குப் போய்விட்டேன். அவருக்கு முப்பது வயதிருக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். குதிரை இரண்டு பங்காளிகளுக்குச் சொந்தம். அதை வண்டிக்குப் பழக்கியது முழுக்க இவர்தான்.

முதல் ஓட்டத்தை என்னை ரோட்டோரம் நின்று வீடியோ எடுக்கச் சொன்னார். செவலை பறந்தது. கடைசி வரை அவர் கயிற்றை இழுக்கவே இல்லை. நேரத்தைப் பார்த்தேன், நான் குறித்து வைத்திருந்த எல்லாவற்றையும்விடக் குறைவு.

"இப்ப செல்போன பைக்குல மாட்டிட்டு, பக்கத்துல வந்து வீடியோ எடுங்க. பந்தயத்துல பசங்க வருவாங்கல்லங்க, அதாட்ட. ஆரனையும் அடிங்க."

அப்படியே போனேன். நான் நெருங்கியதும் செவலையின் காதுகள் பின்னால் மடங்கின. ஆரன் அடித்ததும் அது இடது பக்கமாக ஒதுங்கி வாய்க்காலை நோக்கிப் பாய்ந்தது. அவர் பின்னால் சாய்ந்து கயிற்றை இழுத்தார். நான் வீடியோக்களில் பார்த்த அதே சாய்வு.

எனக்குப் புரிந்துபோனது. நான் ஆதாரமாக வைத்திருந்த மூன்று வீடியோக்களும் வண்டியை ஒட்டிக்கொண்டே பைக்கில் வந்தவர்கள் எடுத்தவை. கடைசிக் கிலோமீட்டரில்தான் பைக் கூட்டம் அதிகம், ஆரன் சத்தமும் அதிகம். குதிரை எதனால் மிரண்டதோ, அதிலிருந்துகொண்டுதான் அது மிரள்வதைப் படம் எடுத்திருக்கிறார்கள்.

"உட்டா சனத்துக்குள்ள பூந்துருமுங்க" என்றார். "போன தடவ ஓரத்துல ஒரு அம்மணி கைக்கொழந்தையோட நின்னுட்டிருந்தாங்க. பரிசு போனாப் போவுதுங்க."

இதை முதலாளிகளிடம் சொல்லலாமே என்று கேட்டேன். சிரித்தார். "சொன்னனுங்க. கோயமுத்தூர்ல படிச்ச பையன் டைமிங் போட்டுச் சொல்றான், நீ என்ன கத உடறேன்னு கேக்கறாங்க. ஞாயித்துக்கெழம வேற ஆள ஏத்தறதாப் பேச்சு." கொஞ்ச நேரம் குதிரையின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "மத்தவன் ஏறுனா இதுக்குக் கை புரியாதுங்க தம்பி."

அங்கேயே நின்று இரண்டு வீடியோவையும் சேனலில் போட்டு, நான் எழுதியது தவறு என்று விளக்கமாக எழுதினேன். பதில்கள் வரத் தொடங்கின. "எவ்வளவு வாங்குனே?" "சாரதி உனக்கு மச்சானா?" "காலையில ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு." பங்காளிகளில் மூத்தவரின் எண்ணை வாங்கி அவரிடமும் பேசினேன். வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கண்ணு, நீ மொதல்ல எழுதுனதுதான் கரெக்ட்டு. அவன் மூஞ்சியப் பாத்துப் பாவப்பட்டுட்டே. வேற ஆளுக்குச் சொல்லியாச்சு, உடு" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைக்குப் போனேன். செவலை வண்டியில் புது ஆள் உட்கார்ந்திருந்தார். பழையவரைக் காணவில்லை. கடைசிக் கிலோமீட்டர் தொடங்கும் இடத்துக்கு நடந்து போனபோதுதான் பார்த்தேன். கூட வேன் ஓட்டுகிற நான்கு பேருடன் அவர் அங்கே ரோட்டில் நின்றிருந்தார். விழாக் கமிட்டியிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறார். கூடவே வரும் பைக்குகளை அங்கே மறித்துப் பக்கத்து மண்ரோட்டில் திருப்பிவிட ஏற்பாடு.

"நீங்களும் வந்துட்டீங்களா? கைய அகல விரிச்சு நில்லுங்க. இடிக்கற மாதிரிதான் வருவானுக, நவுந்தறாதீங்க" என்றார்.

நின்றேன். தூரத்தில் மூன்று வண்டிகள் தெரிந்தன. பக்கத்தில் பைக்குகள், ஆரன், கூச்சல். வண்டிகளுக்கு வழி விட்டு, பைக்குகளை மறித்தோம். "எவன்டா நீ? பெரிய கலெக்டராட்ட" என்று ஒருவன் என் கால்மேலேயே சக்கரத்தை ஏற்றப் பார்த்தான். அதற்குள் செவலை எங்களைக் கடந்துவிட்டது. அதற்கப்புறம் அதன் பக்கத்தில் யாரும் இல்லை. வெறும் ரோடு. அது நேராக ஓடியது, முதலாவதாக வந்தது.

மைக்கில் முடிவு கேட்டது. பரிசு கொடுக்கும் வரைகூட அவர் நிற்கவில்லை. "வாரனுங்க. வேன் சாவியக் குடுக்கோணும்" என்று கிளம்பினார். இரண்டடி போய்த் திரும்பி, "உங்க கணிப்பு பலிச்சுருச்சுங்க தம்பி" என்றார். கேலியா இல்லையா என்று அந்த முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

அன்று சேனலில் வந்தது போன்ற பாராட்டு அதுவரை வந்ததே இல்லை. என்னைத் திட்டியவர்களே "ஆள மாத்துன்னான், மாத்துனாங்க, ஜெயிச்சாச்சு. பையன்கிட்ட விசயம் இருக்குது" என்று எழுதினார்கள். பைக்குகளை யார் மறித்தது என்பதை மூன்று தடவை எழுதினேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

செவலையை இன்றும் அந்தப் புது ஆள்தான் ஓட்டுகிறார். நான் கணிப்பு எழுதுவதை விடவில்லை, ஆனால் சாரதிகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. நான் சொல்லித் தவறிப்போன கணிப்புகள் எத்தனையோ, அவற்றுக்கு வாங்கிய வசவுகளும் எத்தனையோ, எதுவும் நினைவில் தங்கவில்லை. எல்லோரும் சரியென்று சொன்ன இந்த ஒன்று மட்டும்தான், ஒரு மனிதரின் இடத்தை நான் பிடுங்கிக் கொடுத்ததாக இன்னும் எனக்குள் நிற்கிறது.