பத்து வீட்டுச் சுவரில் எங்கள் விறகு

ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு நாங்கள் வந்தது முழுக்க முழுக்க என் பிடிவாதத்தால்தான். டோர்ட்முண்ட் நகரத்தில் முப்பது வருடம் நாலாம் மாடியில் இருந்து அலுத்துப்போயிருந்தேன். இங்குள்ள முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வீடும் எங்களுக்குக் கட்டுப்படியான விலையில் வந்தது. என் கணவருக்குத் துளியும் விருப்பமில்லை.

"ஒரு வின்ரர் இருந்து பாப்பம். ஏலாட்டி வித்துப்போட்டுத் திரும்பிப் போறது. பிறகு கதைக்கக் கூடாது, சரியோ?" என்றார்.

"ஓம். குளிருது எண்டு நான் ஒருநாளும் வாய் திறக்கமாட்டன்" என்றேன். என் வாய் என்றைக்குச் சும்மா இருந்தது?

சும்மா சொல்லக் கூடாது, வந்த கிழமையே இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது. சுரங்கம் மூடி வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் ஆட்களை இறக்கி ஏற்றிய இரும்புக் கோபுரத்துக்கு இன்றைக்கும் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். மர ஆலை இன்னும் ஓடுகிறது. தெருவில் முன்பின் தெரியாதவர்கூட "குளூக் அவுஃப்" என்பார். கீழே இறங்குகிறவர் நல்லபடி மேலே வரவேண்டும் என்று சுரங்கத்தில் சொன்ன வாழ்த்து அது. மருந்துக்கடையில் நிற்கும் இருபது வயதுப் பிள்ளையும் அதைத்தான் சொல்கிறது. கனடாவின் வடக்கில் இப்படி ஒரு சுரங்க ஊரில் இருக்கும் என் தங்கைக்குப் படங்கள் அனுப்பினேன். "அக்கா, இது எங்கட ஊரெல்லோ! கோபுரம், மர ஆலை, எல்லாம் அப்பிடியே இருக்கு" என்று சிரித்தாள்.

எங்கள் வீட்டைச் சூடாக்க ஒரு பெரிய விறகு அடுப்பு மட்டும்தான். இங்கே எல்லா வீட்டிலும் அதுதான். வீட்டுச் சுவரோடு விறகு அடுக்கியிருக்கும் அழகைப் பார்க்கவேண்டும்! வெட்டுமுகம் தெருவைப் பார்க்க, ஒரு கட்டை முன்பின் நீட்டாமல், சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர். அதை வைத்தே அந்த வீட்டு ஆட்களை எடைபோட்டுவிடுவார்கள்.

வசந்தத்தில் எங்களுக்கும் ஒரு லொறி பச்சை விறகு வந்து இறங்கியது. நானே அடுக்கினேன். அடுக்கி, மேலிருந்து கீழ்வரை தறப்பாளால் மூடி, கயிறு கட்டி, ஓரத்தில் கல்லும் வைத்தேன். யாழ்ப்பாணத்து மாரியில் வளர்ந்தவளுக்கு விறகின் முதல் எதிரி மழைதானே. மர ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் நின்று பார்த்தார்.

"காத்துப் படவேணும்" என்றார்.

"எங்கட ஊர் மழையை நீங்கள் காணேல்லை" என்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாவற்றையும் திரட்டி மழையை விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இந்த ஊர்க்காரர் ஒரு விஷயத்தை ஒருதரம்தான் சொல்லுவார்கள்.

நவம்பரில் தறப்பாளை அவிழ்த்தேன். ஐயோ கடவுளே! விறகின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தண்ணீராய்ச் சொட்டுகிறது, கட்டை முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். அடுப்பில் வைத்தால் சீறுகிறது, புகைகிறது, எரியமாட்டேன் என்கிறது. கடையிலும் காய்ந்த விறகு முடிந்துபோயிருந்தது. கணவர் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு ஹோலில் இருந்து ஃபோனில் டோர்ட்முண்ட் வீடுகளைப் பார்த்தார். ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"சனிக்கிழமை ஒரு வீடு பாக்க டெர்மீன் எடுத்திருக்கிறன், காலமை வரச் சொல்லியிருக்கினம்" என்றார். வாய் திறக்கமாட்டேன் என்று சொன்ன சொல் என்னுடையது.

வியாழக்கிழமை புகைபோக்கி துப்புரவு செய்பவர் வந்தார். ஒரு கட்டையைப் பிளந்து, ஈரம் பார்க்கிற கருவியின் இரண்டு ஊசியையும் அதில் குத்தினார். "இதை எரிக்காதேங்கோ. புகைபோக்கிக்குள்ள தார் பிடிச்சு நெருப்புப் பத்தும். ரெண்டு வருஷம் காயவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் குளியலறைக்குள் போய் அழுதேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால் எங்கள் வளவுக்குள் ஒரு கூட்டம்! தள்ளுவண்டிகளோடு வீட்டுக்கு ஒருவராகப் பத்துப் பேர். தறப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டு என் விறகை ஏற்றுகிறார்கள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"என்ன நடக்குது இஞ்ச? ஆரைக் கேட்டு எடுக்கிறியள்?"

பக்கத்து வீட்டு அம்மா நிமிரக்கூட இல்லை. "மாத்துறம்" என்றார்.

அப்போதுதான் மற்றப் பக்கத்தைப் பார்த்தேன். ஒரு வண்டி ஈர விறகு போனால், ஒரு வண்டி காய்ந்த விறகு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. புகைபோக்கிக்காரர் பேக்கரியில் சொல்லியிருக்கிறார். சுரங்கம் ஓடிய காலத்திலும் இப்படித்தானாம். புதிதாக வந்தவர் வீட்டில் விறகு பழுதாய்ப்போனால் ஊர் மாற்றிக் கொடுக்கும். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றியை எதிர்பார்ப்பதும் இல்லை.

"இது தானமில்லை. உங்கட விறகு எங்கட சுவரில காயும். காய்ஞ்சாப்போல நாங்கள் எரிப்பம்" என்றார் அந்த அம்மா.

"ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் செல்லுமே" என்றேன்.

"ஓம், ரெண்டு வருஷம். அதுக்கென்ன?"

கணவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவிடம் கட்டையைக் காட்டி, எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று கேட்டார். "பட்டை மேல" என்றார் அவர். இவர் அடுக்கிய முதல் வரிசையை அவர் கலைத்துப்போட்டு, திரும்ப அடுக்க வைத்தார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

சனிக்கிழமை காலை அடுப்பு நின்று எரிந்தது. கணவர் ஃபோனை மேசையில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"டெர்மீனை வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்" என்றார்.

பேசாமல் இருந்திருக்கலாம். "ஏன்?" என்று கேட்டேன்.

"இஞ்ச பாரும், எங்கட விறகு பத்து வீட்டுச் சுவரில காயுது. அதை விட்டிட்டு எப்பிடிப் போறது?"