இடது கை யாருடையது

“அண்ணே, ரெடியா?” என்று திரையைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் டீஜே முதல் பாட்டைத் தட்டுவார். ஆளுயரத் திரையில் டிரம் முன்னால் உட்கார்ந்திருப்பது கணினி செய்த உருவம், பதில் சொல்லாது. இருந்தாலும் ஒரு நொடி காத்திருப்பார்.

நாற்பதைத் தாண்டியவர். வணிக வளாகம், கம்பெனி விழா என்று எங்கே கூப்பிட்டாலும் இரண்டு பெட்டியோடு போய் நிற்பார். ஒற்றை ஆளாகப் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தால் கூட்டம் நிற்பதில்லை. “பாட்டு காதுக்கு மட்டும் போதாதாம், கண்ணுக்கும் வேணுமாம்” என்பார். அதனால் திரையில் ஒரு பாடகியும் கிதார்காரனும் வந்தார்கள். இருவரும் கடைச்சரக்கு. டிரம்மர் மட்டும் சொந்த அண்ணனின் அச்சு.

அண்ணன் நிஜமாகவே டிரம்மர். நரம்புக் கோளாறில் இடது கையின் இரண்டு விரல் மரத்துப்போனதும் ஒதுங்கிவிட்டார். தம்பி கெஞ்சிக் கூத்தாடி, கம்பிகள் தொங்கும் ஒரு உடுப்பை மாட்டிவிட்டு, இரண்டு நாள் வாசிக்கவைத்து அவர் அசைவுகளைக் கணினியில் பதிந்துகொண்டார். அதோடு சரி. எந்த நிகழ்ச்சிக்கும் அண்ணன் வந்ததில்லை. டிரம்மரின் நம்பர் வேண்டும் என்று ஒரு அம்மா நச்சரித்தபோது, என்ன சொல்வதென்று தெரியாமல் டீஜே அண்ணன் நம்பரையே கொடுத்துவிட்டார். “போன் வந்துச்சு. ராங் நம்பர்னு சொல்லிட்டேன்” என்றார் அண்ணன்.

போன சனிக்கிழமை மதியம், வளாகத்தின் நடுக்கூடத்தில் டீஜே வழக்கம்போலத் திரையைக் கேட்டார். “என்னடா ரெடி?” என்று கீழேயிருந்து குரல் வந்தது. பல்பு வாங்க வந்த அண்ணன், பையோடு தூணருகே நின்றுகொண்டிருந்தார். டீஜேவுக்குக் கை ஓடவில்லை. எந்த அண்ணனைப் பார்ப்பது? அன்று முதல் பாட்டு பாதியிலிருந்து கிளம்பியது.

நிகழ்ச்சி முடியும்வரை அண்ணன் அசையவில்லை. கூட்டம் கலைந்தபின் மேடையேறினார்.

“அது நான்தானே?”

“நீங்கதாண்ணே.”

“வலது கை என்னோடதுதான். தோள் ஏறுறதுகூட அப்படியே இருக்கு. இடது கை யாரோடது?”

டீஜே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பதிஞ்சதுல இடது கை சரியா வரலண்ணே. விட்டுப்போனத மெஷினே நிரப்பிக்கிச்சு.”

“யாரைப் பார்த்து நிரப்புச்சு?”

“தெரியலண்ணே.”

“நல்லா இருந்தப்பகூட நான் இப்படி குச்சிய உருட்டினதில்லடா.” அது கோபமா, பாராட்டா என்று டீஜேவுக்கு விளங்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாமா என்று வாயெடுத்தார். எதற்கென்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

அண்ணன் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தார். “அந்த உருட்டுற இடத்த மெதுவா ஓட்டு.”

டீஜே பாதி வேகத்தில் ஓட்டினார். திரையில் இடது கை சோம்பலாக எழுந்து இறங்கியது. அண்ணனின் இடது கை பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டியது. இரண்டாவது பிந்தியது, மூன்றாவது வரவேயில்லை. “திரும்பப் போடு” என்றார். மரத்த விரல்களை மடக்கிக்கொண்டு, மற்ற விரல்களால் மறுபடி தொடங்கினார்.

டீஜே திரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு சத்தம் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் கை வைத்து, டிரம் சத்தத்தை மட்டும் மெல்ல, முழுக்க இறக்கினார்.