தேயாத நாலு கட்டம்

ரமணிக்கு நாடி பார்க்கத் தெரியாது, கைரேகையும் பார்க்கத் தெரியாது. ஆனால் ஆறு மாதம் ஒருவன் தொட்டுத் தேய்த்த லேப்டாப் தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், அவன் இடதுகைக்காரனா, அவசரக்காரனா, சோம்பேறியா என்று சொல்லிவிடுவாள். தோல் என்று அவள் சொல்வது திரைமேல் ஒட்டுகிற ஸ்கிரீன் புரொடெக்டரை. அவள் முதலாளி ரொஸ்னாவும் இப்போது தோல் என்றுதான் சொல்கிறாள்.

கடை பினாங்கில், லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடையின் மாடியில். நாம் மடியில் வைத்துப் படம் பார்க்கிற லேப்டாப்பெல்லாம் அங்கே வராது. துறைமுகத்திலும் கட்டடத் தளத்திலும் தொழிற்சாலையிலும் அடி வாங்குகிற தடியன்கள்தான் வரும். ரப்பர் மூலையும் கைப்பிடியும் வைத்தவை, கீழே போட்டாலும் சாகாதவை. திரையைத் தொட்டுத்தான் அவற்றில் வேலை நடக்கும், அதனால் தேய்வது தோல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழையதை உரித்துப் புதிதை ஒட்ட வேண்டும்.

இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களிடமே ஒன்றைக் கொடுத்து உரிக்கச் சொல்வாள். பாதியில் கிழித்துவிட்டு, பசையோடு மல்லுக்கட்டி, அசடு வழிய எழுந்து போவார்கள். அவள் முதலில் தூசு பறக்காமல் இருக்க மின்விசிறியை நிறுத்துவாள். பினாங்கு வெயிலில் மேலெல்லாம் வேர்த்துக் கொட்டினாலும் சரி, ஹேர் டிரையரால் மூலைக்குச் சூடு காட்டி, பழைய பஸ் கார்டால் நெம்பி, ஒரே இழுப்பாக இழுப்பாள். பசை ஒரு பொட்டுகூடத் தங்காது.

அந்தக் கை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினாறு வருடம் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் பழகிய கை. அப்பா அம்மா போன பிறகு தம்பி ஹரீஷை வளர்த்து ஆளாக்கியதும் அதே கைதான். அவனுக்குப் பன்னிரண்டு வயதில் சைக்கிள் சங்கிலியில் ஆள்காட்டி விரல் மாட்டிக்கொண்டது. ஈரத்துணியில் விரலைச் சுற்றி அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். விரல் பிழைத்தது, நகம் மட்டும் கோணலாக வளர்ந்தது.

ஹரீஷுக்கு இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் வேலை. எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவுகிற கம்பெனி. தொட்டிக்குள் விஷக்காற்று இருந்தால் இறங்கியவன் ஏற மாட்டான். வேறொரு கம்பெனியில் அப்படி இரண்டு பேர் போய்ச் சேர்ந்த செய்தியைக் கேட்ட அன்று, காற்றை அளக்காமல் இறங்கக் கூடாதென்று தம்பியிடம் சத்தியம் வாங்கினாள்.

"அளக்காம யாரையும் இறக்க மாட்டாங்கக்கா. பெர்மிட் போடற லேப்டாப் மெஷின்ல நாலு கட்டம் இருக்கு. நாலுலயும் நம்பர் போட்டாத்தான் பெர்மிட் பச்சையாகும்," என்றான். அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தூக்கமே வந்தது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தம்பி கம்பெனியின் ஏழாம் எண் லேப்டாப் மெஷின் கடைக்கு வந்தது. ஹரீஷ் இருக்கிற குழுவின் மெஷின். வலது கீழ் மூலையில் தொட்டால் சரியாக எடுக்கவில்லை என்று சீட்டு. அதற்குப் பதிலாகக் கடையின் இரவல் மெஷின் ஒன்று அங்கே போயிருந்தது. ரமணி வழக்கம்போல ஒரே இழுப்பில் தோலை உரித்து ஜன்னலில் பிடித்தாள். அந்த மூலை மட்டும் குழி விழுந்து, ஓட்டையாகாத குறையாகத் தேய்ந்திருந்தது. பக்கத்தில் சாய்வாக ஒரு நகக்கீறல்.

"எவனோ ஒரே எடத்தப் போட்டுக் குத்தியிருக்கான்லா," என்று ரொஸ்னாவிடம் சிரித்தாள்.

புதிய தோலை ஒட்டி மெஷினை எழுப்பினாள். நேராகப் பெர்மிட் பக்கம்தான் திறந்தது. அந்த மூலையில் அப்படி என்னதான் இருக்கிறதென்று பழைய தோலைத் திரைமேல் வைத்துப் பார்த்தாள். தேய்ந்த குழிக்கு அடியில் ஒரு சின்னப் பொத்தான். நேற்றைய அளவையே போடு என்று மலாயில் எழுதியிருந்தது. மேலே காற்றளவுக்கான நாலு கட்டம், நடுவே எண் அழுத்துகிற இடம். அங்கெல்லாம் தோலில் ஒரு கீறல் இல்லை. பிப்ரவரியில் அவள் கையால் ஒட்டியது ஒட்டியபடி பளபளவென்று இருந்தது.

ரமணி தோலை எடுத்து இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். ஆறு மாதமாக எவனும் காற்றை அளக்கவில்லை. அந்தத் தொட்டிக்குள் தினமும் இறங்குகிறவன் அவள் தம்பி.

தம்பிக்குப் போன் போட்டாள். அடித்தது, அவன் எடுக்கவில்லை. தொட்டிப் பக்கம் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். கம்பெனி ஆபிசைக் கூப்பிட்டாள்.

"இன்னைக்குப் பெர்மிட் பச்சையாத்தான் இருக்கு, பயப்படாதீங்க," என்றாள் அங்கே ஒருத்தி. பச்சை எப்படி வந்ததென்று ரமணிக்கு இப்போது தெரியுமே.

"மெஷினக் கொடுக்கற சாக்குல நீயே போ. இங்க நான் பார்த்துக்கறேன்," என்றாள் ரொஸ்னா.

மெஷினைப் பையில் போட்டு, தோலை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறினாள். அந்தக் கொஞ்ச நேரக் கடல் அன்றைக்கு முடியவே மாட்டேன் என்றது. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். நடுவே, அந்தப் பொத்தானை அழுத்தியவனைச் சபித்தாள். அந்தக் கை விளங்காமல் போகட்டும், அந்த விரல் அழுகட்டும் என்று வயிறு எரியச் சபித்தாள்.

பட்டர்வொர்த்தில் மாக் மண்டின் பகுதித் தொழிற்சாலை வாசலில் மெஷினைக் காட்டியதும் உள்ளே விட்டார்கள். ஓட்டமும் நடையுமாகப் போனாள். தொட்டி வாயில், இடுப்பில் கயிறும் கொக்கியுமாக ஃபிக்ரி என்ற மலாய்க்காரப் பையன் இறங்கத் தயாராக நின்றான். அவள் தம்பி அங்கே இல்லை.

தம்பி கூடாரத்து நிழலில் இருந்தான். தலையில் வெள்ளை ஹெல்மெட், கையில் இரவல் மெஷின். காற்றளவுக் கருவி மேஜைமேல் மஞ்சள் பையில் கிடந்தது, ஜிப்பைத் திறக்கவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹரீஷ் ஆள்காட்டி விரலால் வலது கீழ் மூலையில் ஒரு தட்டுத் தட்டினான். கோணல் நகம். திரை பச்சையானது.

கடல் நடுவில் எந்த விரலைச் சபித்தாளோ அந்த விரல்.

"அக்கா? நீ எங்க இங்க?"

"நீ ஏன்டா வெளிய நிக்கற?"

"பிப்ரவரியிலேயே சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்கக்கா. தீபாவளிக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

ரமணி தோலை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவனுக்குப் புரிய நேரமாகவில்லை. குரலைத் தாழ்த்தினான்.

"அதே தொட்டி, அதே எண்ணெய். நேத்து இருந்த காத்துதானே இன்னைக்கும் இருக்கும். அளக்க இருபது நிமிஷம் போயிடும். எல்லா டீமும் இப்படித்தான்லா."

"நேத்து அளந்தியா?"

அவன் ஹெல்மெட்டைச் சரிசெய்தான்.

"முந்தாநேத்து?"

தரையைப் பார்த்தான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. இறங்குகிறவன் தம்பி என்று பதறி ஓடி வந்தாள். தம்பி பத்திரமாக நிழலில் நிற்கிறான், இறங்குகிறவன் வேறு யாருக்கோ தம்பி. தன் தம்பி தப்பித்தான் என்று ஒரு கணம் தனக்கு நெஞ்சு குளிர்ந்ததை நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"அந்தப் பைய திற. என் கண்ணு முன்னால அள," என்றாள்.

ஹரீஷ் ஜிப்பை இழுத்துக் கருவியை எடுத்தான். பொத்தானை அழுத்தினான். விளக்கு எரியவில்லை. இன்னொரு முறை அழுத்தினான், பிறகு நகம் வெளுக்க அழுத்திப் பிடித்தான். கருவி செத்துக் கிடந்தது. அதற்கு யாரும் சார்ஜ் போட்டே எத்தனை மாதமோ.

ஃபிக்ரி தொட்டி வாயிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்புக் கொக்கியைக் கழற்றிவிட்டு வந்தான். எத்தனை நாளாக இப்படி என்று மலாயில் கேட்டான். ரமணிதான் தோலை வெயிலில் பிடித்து, தேய்ந்த மூலையையும் தேயாத நாலு கட்டத்தையும் மலாயில் சொல்லிக் காட்டினாள். ஃபிக்ரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, அத என்கிட்ட குடுத்துடு," ஹரீஷ் கையை நீட்டினான். "வேலையே போயிடும்க்கா."

தூக்கிக்கொண்டு ஓடி அவள் காப்பாற்றிய கை அது. ரமணி அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தோலை மறுபடி அட்டைக்குள் வைத்து, கசங்காமல் ஃபிக்ரியின் மடியில் வைத்தாள்.