ஒரே போசியில் ஊறிய இரண்டு பிரேக்குகள்

மண்ணெண்ணெய் வாசனையும் செண்டுமல்லி வாசனையும் கலந்து மூக்கில் ஏறினால் எனக்கு அது ஆயுத பூஜைக் காலை. தசரா என்றால் மைசூரே அரண்மனைப் பக்கம் பார்க்கும். எங்கள் தெரு மட்டும் தன் வண்டிகளைப் பார்க்கும். தெருவில் பாதிப் பேர் மோட்டார் சைக்கிள் பேக்டரிக்காரர்கள். அப்பா அங்கே பெட்ரோல் டாங்குக்குப் பெயின்ட் அடித்தார், பக்கத்து வீட்டு நஞ்சுண்டண்ணா வண்டிகளைப் பெட்டியில் கட்டி அனுப்பும் பகுதியில் இருந்தார். இருவரிடமும் அந்தப் பேக்டரி வண்டியே ஆளுக்கொன்று, பழையதாக வாங்கியது, இருந்தது.

பூஜையன்று விடிந்ததும் வண்டியைப் பாதி கழற்றிக் கழுவுவார்கள். "நம்ம கையில பொறந்த வண்டியக் கழட்ட மெக்கானிக் எதுக்கு?" என்பார் அப்பா. அந்த வருடம் இரண்டு வண்டிகளின் முன்சக்கரங்களையும் கழற்றி, உள்ளே பிரேக் ஷூவைத் தாங்கி நிற்கும் வட்டமான பிளேட்டுகளை, அம்மா சோறு வடிக்கும் பெரிய அலுமினியப் "போசி"யில் ரேஷன் மண்ணெண்ணெய் ஊற்றி ஒன்றாக ஊறப்போட்டார்கள். அம்மா போசிக்காகச் சத்தம் போட்டாளே தவிர, பிளேட்டைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. தேய்த்து எடுத்தபோது எது யாருடையது என்று தெரியவில்லை. அப்பா இரண்டையும் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எரடூ ஒந்தே பழனியண்ணா, ரெண்டும் ஒரே பேக்டரி புள்ளைங்கதானே" என்றார் நஞ்சுண்டண்ணா.

ஒரே பேக்டரிதான், வருடம் வேறு. பிளேட்டின் ஓரத்தில் காடி என்று ஒரு வெட்டுப் பள்ளம் இருக்கும். முன் ஃபோர்க்கில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளை அந்தக் காடிக்குள் உட்கார்ந்தால்தான், பிரேக் பிடிக்கும்போது பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் நிற்கும். எங்களுக்கு வந்த பிளேட்டின் காடி குறுகலானது. முளை அதற்குள் போகவில்லை, வெளியே முட்டிக்கொண்டு நின்றது. அதையே இறுக்கி, சந்தனம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். நஞ்சுண்டண்ணா தன் வண்டியை முன்பே சாமராஜநகர்க்காரர் ஒருவருக்கு விலைபேசி வைத்திருந்தார். பூஜை முடியட்டும் என்று காத்திருந்தவர் அன்று மதியமே ஓட்டிப் போனார். எங்கள் பிளேட்டும் அதில் போயிற்று.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் சாமுண்டி மலைக்குப் போய்விட்டு இறங்கும்போது, வளைவில் அப்பா முன் பிரேக்கைப் பிடிக்க, முளையிலிருந்து பிளேட் நழுவிச் சுழன்று, கேபிளை இழுத்துச் சுற்றிக்கொண்டு சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். இடது முழங்கால் வீங்கிப் புடவையோடு ஒட்டியிருந்தது. அவள் திட்டவில்லை. அந்த வண்டியில் மட்டும் அதற்குப் பிறகு ஏறவில்லை.

அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. நாங்கள் ஹனூர்ப் பக்கத்துக் குடும்பம். தீபாவளிக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போகாமல் இருக்க முடியாது, கல்யாணமான வருடத்திலிருந்து அவர்கள் போனது அந்த வண்டியில்தான். அந்தத் தீபாவளியிலிருந்து அம்மாவும் நானும் கொள்ளேகால் போய் மலை பஸ்ஸில் ஏறினோம். அப்பா பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியில் தனியாக வந்தார். அம்மா கடைசி சீட்டில் உட்கார்ந்து பின் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தபடியே மலை ஏறுவாள். மலையடிவாரத்துத் தாளபெட்டாவில் பஸ் நின்றால் அவர் ஜன்னலோரம் வருவார்.

"அடுத்த வருசம் பாரு, நீ எம்பின்னால உக்காந்துதான் மலை ஏறற."

"ஏனுங்க, மொதல்ல முன்னால இருக்கறதச் சரி பண்ணுங்க. பின்னால ஏறறத அப்பறம் பாக்கலாம்."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

சரி பண்ணத்தான் பார்த்தார். விழுந்ததில் கோணிய சக்கரத்துக்குப் பதிலாகப் பழைய இரும்புக் கடையில் ஒன்று வாங்கினார். அது வேறு மாடல். சக்கரம் ஒரு வண்டியுடையது, பிளேட் இன்னொன்றுடையது, ஃபோர்க் மட்டும் எங்களுடையது என்று ஆனது. பேக்டரி மூடியதும் சாமான் கிடைக்கவில்லை, நானும் ஐந்தாம் வகுப்போடு நின்று வேலைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வண்டி முன்னால் குந்தி அரத்தால் எதையோ தேய்த்துக்கொண்டிருப்பார்; அந்தக் கரகரப்பு இல்லாத ஞாயிறு எனக்கு நினைவில்லை. அப்பா இருந்தவரை அம்மா ஏறவில்லை. அவர் போன பிறகுதான் ஒருநாள், "அந்த மனுசன் அத்தன தடவ கூப்பிட்டாரு. ஒருக்காவாச்சும் அதுல மலைக்குக் கூட்டிட்டுப் போடா" என்றாள்.

அதற்காகப் பழைய சாமான் கடைகளுக்கு அலைந்தேன். கடையில் கூட்டம் இருந்தால் எனக்கு வாய் வராது. எல்லோரும் போகும்வரை ஓரமாக நின்று, பிறகுதான் கேட்பேன். அப்படி நின்று நின்று, இந்த ஆடியில், எங்கள் வண்டியின் வருடத்துக்கே உரிய முன்சக்கரமும் பிளேட்டும் பெங்களூரிலிருந்து கிடைத்தன. அம்மா வண்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள், ஏறும்போது முழங்காலுக்கு உதவியாக.

மெக்கானிக் சலீம் பாய் வீட்டுக்கே வந்து மாட்டினார். சக்கரம் பிளேட்டோடு பொருந்தி வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினார். டக், டக் என்று சத்தம் வந்தது. குனிந்து பார்த்துவிட்டு என்னையும் குனியச் சொன்னார்.

"சாமான் சரிதாண்ணா. இந்த முளையப் பாருங்க, யாரோ அரம் போட்டு ஒல்லியாக்கிட்டாங்க. காடியில நிக்காது."

குறுகல் காடிக்குள் போவதற்காக அப்பா தேய்த்த முளை. வெல்டு வைக்கலாமா என்றேன்.

"வைக்கலாம். ஆனா அந்த மலை எறக்கத்துல எங்கம்மாவ நான் உக்கார வெக்கமாட்டேன்."

முளை தேயாத அந்த வருடத்து ஃபோர்க் எங்கேயும் இல்லை என்று அவரே சொன்னார். அம்மா வாசலில் நின்று, "ஆச்சா?" என்றாள். அரத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அளவு ஒத்துவரலம்மா" என்றேன். அவள் வண்டியையும் என்னையும் பார்த்தாள். முக்காலியை எடுத்து உள்ளே வைத்தாள்.

பேக்டரிப் பக்கம் இன்று மாடி வீடுகள். ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை. இந்த ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைத்துப் பூ மட்டும் போட்டேன். தீபாவளிக்கு அம்மாவும் நானும் மலை பஸ்ஸில்தான் போனோம். முன்னால் இடம் இருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து, மலை ஏறும்வரை பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.