மூன்றாம் நாள் கல்யாணம்

டமாஸ்கஸ் பழைய நகரத்தில், கைமரியா பேட்டையின் ஒரு முட்டுச்சந்தில்தான் ஃபிர்யாலின் வாழ்க்கை பெரும்பாலும் கழிந்தது. சின்ன வயதிலேயே புருஷன் போய், அண்ணன் ருஷ்தி வீட்டுக்கே திரும்பி வந்தவள். சந்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் மூன்று நாள் அந்த வீட்டு அடுப்பு எரியக் கூடாது. ஃபிர்யால் அண்டாவில் சோறும் கறியும் சமைத்துத் தூக்கிக்கொண்டு போவாள். ருஷ்தி துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை போடாத கசப்புக் காப்பி ஊற்றுவார். அண்ணனும் தங்கையும் இல்லாமல் அங்கே ஒரு சாவும் நடந்ததில்லை.

நல்லதோ கெட்டதோ, எல்லாம் எதிர்வீட்டு உம்மு ஹிஷாமின் பெரிய முற்றத்தில்தான். நடுவில் நீர்த்தொட்டி, ஓரத்தில் நாரத்தை மரம். எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் அந்தக் கதவு திறந்திருக்கும். ஃபிர்யால் மணப்பெண்ணாக உட்கார்ந்ததும் அங்கேதான்.

அந்த வீட்டை உம்மு ஹிஷாமின் மகன் ஹிஷாம் ஓட்டலாக்கினான். பக்கவாதத்தில் விழுந்த தாயை மாடி அறையில் தள்ளினான். சந்து வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கிச் சமையலறையாகவும் சரக்கறையாகவும் மாற்றினான். மிஞ்சியது ஃபிர்யால் வீடு ஒன்றுதான். அவள் வாசல் சாக்கடையில் ஓட்டல் எண்ணெய் கட்டிகட்டியாக மிதந்தது, பெருச்சாளி புரண்டது. ஓட்டலுக்குள் போனால் சுவரில் 'பழைய டமாஸ்கஸின் அன்பு' என்று எழுதி மாட்டியிருந்தான். என்ன கண்றாவி!

ருஷ்தி செத்தபோது ஃபிர்யால் ஹிஷாமிடம் முற்றம் கேட்டு ஆள் அனுப்பினாள். "மேசையெல்லாம் முன்கூட்டியே பேசியாச்சு சித்தி" என்று பதில் வந்தது. ஊருக்கெல்லாம் துக்கக் காப்பி ஊற்றிய மனுஷனுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் வீட்டு மாடிப்படியில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஃபிர்யால் பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்று நாளாவது அண்ணனுக்கு மரியாதையாகக் கழிய வேண்டும், அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஹிஷாமே வந்து வாசலில் தலை குனிந்து நின்றான்.

"சித்தி, ராத்திரி நம்ம முற்றத்துல ஒரு கல்யாணம். துக்க வீட்டைக் கேக்காம மேளம் அடிக்கிறது நம்ம வழக்கமில்லையே. நீங்க சரின்னாதான்."

சந்தின் வழக்கம் அது. கேட்கிறவன் கேட்டாக வேண்டும், துக்கக்காரர் மறுக்கக் கூடாது. பெண்ணின் சந்தோஷத்தை நிறுத்தினால் செத்தவருக்குப் பாரம். அவன் வந்து கேட்டானே என்று அவளுக்கு நெஞ்சு கூட இளகிவிட்டது.

"பொண்ணு யாருடா?"

"ஹோம்ஸ் பக்கம், சித்தி. ஏழைப்பட்டவ."

"நல்லா இருக்கட்டும். அடிக்கச் சொல்லு."

குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த ஒலிநாடாவை அவளே நிறுத்தினாள். ராத்திரி கல்யாண ஊர்வலத்து வாள் வீச்சுக்காரர்கள் கத்திக்கொண்டு வாசலைக் கடந்தபோது, கறுப்புத் துணியை வாயில் அடக்கிக்கொண்டு பொறுத்தாள். ஏழைப் பெண் வெறுங்கையோடு போகக் கூடாதென்று, தன் கல்யாண வெள்ளிக் காப்பை எடுத்துக்கொண்டு ஓட்டலின் பின்வாசல் வழியாகப் போனாள்.

மணப்பெண் சமையலறைப் படியில் காலை அகட்டி உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். காப்பைப் பார்த்துச் சிரித்தாள்.

"அட, நிஜமான்னு நெனச்சுட்டியா பெரியம்மா? இந்த வாரத்துல மூணாவது தடவ அந்தத் தடியனைக் கட்டிக்கிறேன். வெளிநாட்டுக்காரங்க படம் புடிக்க வர்றாங்கல்ல!"

முற்றத்தில் வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். ஓட்டல்காரப் பெண்ணொருத்தி கூலிக்குக் குலவையிட்டாள். ஹிஷாம் ஓடி வந்தான்.

"கோவிச்சுக்காதீங்க சித்தி. பொழப்பு."

"பொழப்பு நடத்துடா, யாரு வேணாம்னா? என் வாசல்ல வந்து எதுக்குடா தலை குனிஞ்ச? என் வாயாலயே எங்கண்ணன் துக்கத்தை நிறுத்த வச்சியே! த்தூ!"

துப்பியது நீர்த்தொட்டியில் விழுந்தது. அதையும் ஒருவன் படம் பிடித்தான். அன்றிலிருந்து அவள் அந்த வாசலை மிதிக்கவில்லை. மாடியில் கிடந்த உம்மு ஹிஷாமை நினைத்தால் மட்டும் மனசு அடித்துக்கொள்ளும்.

குளிர்காலத்தில் ஒரு காலை எதிர்வீட்டிலிருந்து குர்ஆன் ஓதும் சத்தம் கேட்டது. யாரும் வந்து சொல்லவில்லை. சொல்லச் சந்தில் யார் மிச்சம்? ஃபிர்யால் முக்காட்டை இழுத்துக்கொண்டு போனாள்.

முற்றத்தில் நாற்காலி நிறைய ஆட்கள். ஒருவர் முகமும் தெரிந்த முகமாக இல்லை என்று நினைத்தாள், பிறகு தெரிந்தது. வாள் வீசியவர்கள், மேளக்காரன், மாப்பிள்ளைத் தடியன். கறுப்புச் சட்டை போட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அறையில் கைக்குட்டையோடு ஒருத்திதான் இருந்தாள். அதே மணப்பெண்.

அழுது வீங்கிய முகத்தோடு ஹிஷாம் எதிரே வந்து அவள் கையைப் பிடிக்கப் பார்த்தான்.

"சித்தி, அம்மா..."

ஃபிர்யால் கையை உதறினாள். நாற்காலிகளை ஒருமுறை பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நெசமாவே செத்துட்டாளாடா? இல்ல, இதுவும் படம் புடிக்கிறவங்களுக்கா?"

"நெசந்தான் சித்தி" என்று சொன்னான். அவள் நம்பவில்லை. மாடி ஏறிப் போய், காலியாகக் கிடந்த கட்டிலைப் பார்த்த பிறகுதான் அழுதாள்.