பத்து தீகா சாலையில் முளைத்த முனி

கூண்டு வண்டியில் குடியிருப்பது நிம்மதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொல்கிறவன் ஒரு நாளும் அப்படி இருந்திருக்க மாட்டான்.

மலாயாவில் ரப்பர் விலை விழுந்தபோது கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் எங்களைச் சீட்டுக் கிழித்து அனுப்பினார்கள். தோட்டத்து வரிசை வீட்டு லயத்து அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். கப்பலேறி ஊருக்குப் போங்கள், டிக்கெட் தருகிறோம் என்று கங்காணி வந்து சொன்னான். ஊரில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியும். நான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் கழுத்தில் கிடந்ததை விற்று, பிரிக்பீல்ட்ஸில் செங்கல்சூளைக்கு வண்டியோட்டிய ஒருவரிடம் பழைய வண்டியும் ஒரு ஜோடி மாடும் வாங்கினோம். அந்த வண்டிதான் வீடு. கிள்ளானில் தேங்காய் ஏற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்குப் போவோம். அங்கிருந்து எந்தச் சீனக் கடைத் தவுக்கே எதைக் கொடுத்தாலும் ஏற்றிக்கொண்டு திரும்புவோம். முன்பக்கம் சரக்கு. பின்பக்கம் ஒரு பாய், ஒரு பானை, நாங்கள் இரண்டு பேர்.

வீட்டுக்குக் கதவு உண்டு. வண்டிக்குக் கிடையாது. அதனால் எனக்குக் கண்ணில் பட்டவன் எல்லாம் திருடன்தான். தண்ணீர் கேட்டு வருகிறவன், தீப்பெட்டி கேட்டு வருகிறவன், "எந்த ஊரு?" என்று சிரித்துக்கொண்டு விசாரிக்கிறவன், ஒருவனையும் வண்டியின் பின்பக்கம் வர விடமாட்டேன். புலி பயம் இருந்தது. ஆனால் புலிக்கு நெருப்பு வளர்த்தால் போதும். மனிதன் நெருப்பைப் பார்த்து கிட்டே வருகிறான். மாடு போனால் எங்களுக்கு வீடும் போயிற்று, சோறும் போயிற்று. மாடு இல்லாத வண்டி நகராது. அந்தக் காலத்தில் மாடு திருடுவதும் சுலபம். ஓட்டிக்கொண்டு போய்த் தோலை உரித்துவிட்டால், அது எவன் மாடு என்று எவன் சொல்வான்?

வண்டிக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வழியில் எங்கே முனி இருக்கிறதோ அங்கேதான் மாட்டை அவிழ்ப்பார்கள். மரத்தடியில் ஒரு கல், குங்குமம், ஒரு சூலம். அவ்வளவுதான் கோயில். முனி எல்லைக்குள் எவனும் கை வைக்க மாட்டான், வைத்தால் ரத்தம் கக்குவான் என்று நம்பிக்கை. வண்டியை அங்கே விட்டுவிட்டு ஆற்றில் குளிக்கப் போவார்கள், கள்ளுக்கடைக்குக் கூடப் போவார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான். நான் மட்டும் வண்டியை விட்டு இறங்க மாட்டேன். "முனிய நம்பாதவ" என்று எனக்குப் பெயர். முனியை நான் நம்பினேன். திருடனுக்கும் முனி மேல் அதே நம்பிக்கை இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அதைத்தான் நான் நம்பவில்லை.

அந்தப் பயணத்தில் எங்கள் வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி வந்தது. ஓட்டியவர் எங்கள் தோட்டத்திலேயே வேலை செய்தவர். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர். அவருடைய இரண்டு வெள்ளை மாடுகள்தான் அவருக்குக் குடும்பம். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொள்ளாமல் சாட்டையைத் தொட மாட்டார்.

பத்து தீகா ஊருக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது பொழுது சாய ஆரம்பித்தது. ரப்பர்ப் பால்மரங்கள் முடிந்து வெறும் புதர் தொடங்குகிற வளைவு அது. பக்கத்தில் வீடு கிடையாது, மலாய்க்காரர் குடியிருக்கும் கம்பம் கிடையாது. அங்கே சாலையோரம் ஒரு மரத்தடியில் சூலம் நட்டிருந்தது. போன தடவை நாங்கள் வந்தபோது அங்கே ஒன்றும் இல்லை.

அண்ணன் பின்னாலிருந்து கத்தினார். "மாப்ள, நிறுத்து நிறுத்து! முனி வந்து உக்காந்திருக்கு பாரு!"

என் வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார். அண்ணன் எங்களுக்கு முன்னால் இறங்கி, மாடுகளை நுகத்திலிருந்து அவிழ்த்து மரத்தில் கட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

நான் கூண்டுக்குள் இருந்தபடியே அந்தக் கல்லைப் பார்த்தேன். குங்குமம் இன்றைக்குப் பூசியது போல ஈரமாக இருந்தது. கற்பூரம் கொளுத்திய கரி ஒரு பொட்டு இல்லை. வாடின எலுமிச்சம்பழம் இல்லை. சுருட்டுத் துண்டு இல்லை. ஒரு சாமி இருக்கிற இடம் அழுக்காக இருக்கும். எண்ணெய், சாம்பல், எறும்பு எல்லாம் இருக்கும். இது கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது.

"ஏங்க, மாட்ட அவுக்காதீங்க," என்றேன்.

"ஏன்?"

"எனக்குச் சரியாப் படல."

"உனக்கு எதுதான் சரியாப் பட்டுச்சு? கட்டுனதுல இருந்து நானே சரியாப் படலங்கிற."

அப்போது புதருக்குள்ளிருந்து ஒருவன் வந்தான். காவி வேட்டி, பட்டை பட்டையாகத் திருநீறு. கையில் ஒரு சட்டி. பொங்கல் வாசனை வந்தது. முனி கனவில் வந்து இந்த இடத்தைக் காட்டியதாகவும், அன்றைக்குத்தான் முதல் படையல் என்றும் சொன்னான். அண்ணன் அப்படியே அவன் காலில் விழுந்தார்.

"கீழ ஓடை இருக்கு. ரெண்டு பேரும் தலைக்கு ஊத்திட்டு வாங்க, படையல் தாறேன்," என்றான் பூசாரி. "மாட்டப் பத்திக் கவலப்படாதீங்க. முனி காவல்."

"முனிக்குச் சுருட்டு உண்டா, இல்ல சைவமா?" என்று நான் உள்ளிருந்து கேட்டேன்.

"எல்லாம் படைக்கலாம் தாயி."

"சாராயம்?"

"குடுக்கிறவங்க மனசு தாயி."

என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். "நீ என்ன கோர்ட்டு நடத்துறியா? சும்மா இரு."

அவர் இறங்கி நுகத்தடிக்குக் கை கொண்டுபோனார். பூசாரி அவரைப் பார்க்கவில்லை. எங்கள் மாடுகளின் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கறிக்கடையில் நிற்கிறவன் பார்க்கிற பார்வை. அவர் அவிழ்த்துவிட்டால் முடிந்தது. இனி இந்த மனுஷனிடம் புத்தி சொல்லிப் பிரயோசனம் இல்லை. அதனால் நான் சத்தமாக, மூன்று பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"சாமி, நான் வீட்டுக்குத் தூரம். இப்பத்தான் தெரிஞ்சுது. முனி எல்லைக்குள்ள இருக்கலாமா?"

அண்ணன் தேள் கொட்டினது போலத் துள்ளினார். என் வீட்டுக்காரர் நுகத்தடியிலிருந்து கையை எடுத்துவிட்டார். பூசாரி மட்டும் அசையவில்லை.

"அதுக்கென்ன தாயி, முனி ஒண்ணும் சொல்லாது. மாட்ட அவுத்து விட்டுட்டு நீ வண்டிக்குள்ளயே படுத்துக்க."

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும். எங்கள் தோட்டத்தில் தூரமான பெண் முனி மரத்துப் பக்கம் தெரியாமல் நடந்துவிட்டால் லயமே எழுந்து ஆடும். பூசாரி வேப்பங்கொத்தை எடுத்துக்கொண்டு அடிக்கவே வருவான். வண்டியைத் திருப்பு, எல்லையைத் தாண்டு, மஞ்சள் தண்ணீர் கொண்டா என்று கத்தாத முனிப் பூசாரியை நான் மலாயாவில் பார்த்ததில்லை. அவனுக்குத் தீட்டு முக்கியமில்லை. மாட்டை அவிழ்ப்பது முக்கியம்.

"அண்ணே!" என்றேன். "தீட்டுக்குப் பயப்படாதவன் என்ன பூசாரி? மாட்டப் பூட்டிக்கிட்டு எங்க கூட வாங்க."

அண்ணனுக்கு என் மேல்தான் கோபம் வந்தது. "சீ! மொதல்ல எல்லைய விட்டுப் போ ஆத்தா! சாமி மண்ண நாறடிச்சுட்டு, பூசாரியவே குத்தம் சொல்றியா? அவரு பெரிய மனசுக்காரரு, பொறுத்துக்கிறாரு."

"அவன் பெரிய மனசு உங்க மாட்டு மேலதாண்ணே."

"மாப்ள, இவளக் கூட்டிக்கிட்டுப் போய்யா!"

என் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்து மாட்டை முடுக்கினார். பூசாரி, "இருங்க, இருங்க, நான் பரிகாரம் பண்ணுறேன்," என்று நாலு எட்டு பின்னாலேயே ஓடி வந்தான். சாமிக்குப் பயந்த என் வீட்டுக்காரர் இன்னும் வேகமாக ஓட்டினார். என் பேச்சைக் கேட்டு ஓட்டவில்லை. என் தீட்டைக் கேட்டு ஓட்டினார். எதைக் கேட்டால் என்ன, மாடு எங்களோடு இருந்தது.

பத்து தீகாவில் சாலை போடும் கூலிகளின் கொட்டகைப் பக்கம் வண்டியை நிறுத்தி இரவைக் கழித்தோம். காலையில் நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் நடந்து வந்தார். கையில் சாட்டை மட்டும் இருந்தது.

ஓடையில் குளித்தாராம். பொங்கல் சாப்பிட்டாராம். அப்படி ஒரு தூக்கம் அவர் பிறந்ததிலிருந்து தூங்கினதில்லையாம். விழித்தபோது மாடுகள் இல்லை. பூசாரி இல்லை. சூலமும் இல்லை.

"முனி கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு மாப்ள," என்று தரையில் உட்கார்ந்து அழுதார். "இவ தீட்டு முனிய வெரட்டிருச்சு. போறப்ப என் மாட்டையும் கொண்டுபோயிருச்சு."

"முனிக்கு எதுக்குண்ணே மாடு? பால் கறக்கவா?" என்றேன். "அதுவும் காளை மாட்டுல?"

"பாத்தியா, இன்னும் வாயப் பாரு அவளுக்கு!"

போலீஸில் சொல்லுங்கள் என்றேன். சாமி மேல் பிராது கொடுப்பதா என்று இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். மாட்டை இழந்தவர் அவர். ஆனால் குற்றவாளி நான். அவருக்கு ஒரு தட்டுச் சோறு போட்டேன். அதையும் அவர் தீட்டு என்று தொடவில்லை. திருடன் போட்ட பொங்கலைத் தின்றவர் என் சோற்றைத் தொடவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் போகும் வழியில் என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "நெசமாவே தூரமா?"

"இல்ல."

மாட்டை ஒரு தட்டு தட்டிவிட்டு, "சாமிகிட்டப் போய்ப் பொய் சொல்லிட்டியே," என்றார்.

"சாமிகிட்டச் சொல்லல. மாட்டுத் திருடன்கிட்டச் சொன்னேன்."

"அவன் திருடன்னு நீ கண்டியா?"

நான் காணவில்லைதான். அவன் கயிற்றை அவிழ்த்ததை யாரும் காணவில்லை. எங்கள் மாடுகள் எங்கள் முன்னால் வாலை ஆட்டிக்கொண்டு நடந்தன. அவருக்குக் கண் இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் எனக்கு இடம் விட்டு விலகினார்கள். தீட்டோடு போய் உக்கிரமான முனியைக் கிளப்பிவிட்டவள் என்றார்கள். வண்டிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து அந்த வளைவுக்குப் போய்ச் சேவல் அறுத்தார்கள். புதுச் சூலம் நட்டார்கள். ஓலைக் கொட்டகை போட்டார்கள். மாடு இல்லாத அண்ணனுக்கு வேறு பிழைப்பு இல்லை என்று அவரையே அங்கே பூசாரியாக வைத்தார்கள். திருடன் நட்ட கல்லுக்கு இப்போது தினம் கற்பூரம். எண்ணெய், சாம்பல், எறும்பு, சுருட்டுத் துண்டு எல்லாம் வந்துவிட்டது. அண்ணனும் நன்றாகவே இருக்கிறார். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார்.

அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்துவார். அண்ணன் கொட்டகையிலிருந்தே கை காட்டுவார். "மாப்ள, மாட்ட அவுத்துட்டு வாங்க! ஆத்தா, நீ அந்தப் பக்கமே இரு!"

என் வீட்டுக்காரர் இறங்கிப் போவார். நான் முன்பக்கம் நகர்ந்து உட்கார்ந்து கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வேன். மாடுகளை அவிழ்க்க விடமாட்டேன். திரும்பி வரும்போது அண்ணன் கொடுத்த பொங்கலைக் கொண்டுவந்து கொடுப்பார். அதைச் சாலையில் கொட்டிவிடுவேன்.