மாடியில் நாங்கள், கீழே கஞ்சி

அஜ்மானில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பழைய வில்லாவின் மாடிப்படியில், யார் காலத்திலோ போட்ட கார்ப்பெட் ஒட்டிக் கிடந்தது. பெருநாளுக்குள் அதைத் தொலைத்துவிட வேண்டும் என்று போன ரமலானில் நானும் கணவரும் பிய்த்துப் போட்டோம். உள்ளே அருமையான மரப்படி! ஆணிகளைப் பிடுங்கித் தேய்த்துவிட்டு, மாலை அசர் தொழுததும் பெயின்ட் அடிக்க உட்கார்ந்தோம். கீழ்ப்படியில் தொடங்கி, மேலே ஏறிக்கொண்டே அடித்தோம். கடைசிப் படியை முடித்து, "மாஷா அல்லாஹ்!" என்று எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

அப்போதுதான் மகள் கேட்டாள், "வாப்பா, கஞ்சி கீழே இருக்கே?"

நோன்பு திறக்க இன்னும் கால் மணி நேரம்தான். கஞ்சி, வடை, பேரீச்சம்பழம், குடிக்கத் தண்ணீர்கூடக் கீழேதான். படியெல்லாம் ஈரம். கணவர் காலைத் தூக்கினார். "வச்சீங்கன்னா பாருங்க!" என்று கத்திவிட்டேன்.

பால்கனிக்கு ஓடி, பக்கத்து வீட்டுப் பாகிஸ்தானி அக்காவைக் கூப்பிட்டேன். மூன்று வருஷத்தில் சலாமுக்கு மேல் அவரிடம் பேசியதில்லை. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எங்கள் சமையலறைக் கதவு வழியாகப் போய்க் கஞ்சிச் சட்டியை எடுத்துவந்தார். இரண்டு துப்பட்டாவைக் கயிறாக முடிந்து, மாடிக் குளியலறை வாளியைக் கட்டி இறக்கினேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது கஞ்சி மேலே வந்தது, அவர் வீட்டுப் பக்கோடாவோடு.

இந்த ரமலானில் இரண்டாவது கோட் அடித்தபோது, ஒரு படி விட்டு ஒரு படிதான் அடித்தோம். படி காய்ந்தும் வாளி ஓயவில்லை. நோன்பு நாளெல்லாம் அந்த அக்காவுக்குக் கஞ்சியோடு இறங்கி, அவர் பக்கோடாவோடு ஏறுகிறது.